கணவருக்கு ஓவர்டைமா, மனைவிக்குப் பார்ட் டைமா? பிரிட்டனில் கிரெடிட் வாங்கும் குடும்பத்துக்கு ஒரு கணக்கு

பிரிட்டனில் பிள்ளைகள் சின்னதாக இருக்கும் நம் வீடுகள் பலவற்றில் நிலைமை ஒன்றுதான். ஒருவர் சம்பளம், மீதிக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகையான கிரெடிட். வாடகை ஏறியதும் வீட்டில் வரும் முதல் பேச்சு, "நான் இன்னும் ரெண்டு ஷிஃப்ட் எடுக்கிறேன், நீ வேலைக்குப் போனால் கிரெடிட்டை வெட்டிவிடுவான்." இப்படிச் சொல்லியே எத்தனையோ பெண்கள் நாலைந்து வருடம் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள். பிள்ளையோடு இருக்க விரும்பி இருந்தால் அது வேறு விஷயம், அதில் யாரும் தலையிட முடியாது. பணக் கணக்கை நம்பி இருக்கிறார்கள் என்றால் அந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பு. அதனால்தான் எண்களோடு எழுதுகிறேன்.

முதலில் பழைய கதையைக் கொஞ்சம் தெளிவாக்கிவிடலாம். 2003இல் வந்த டாக்ஸ் கிரெடிட் 2025 ஏப்ரல் 5 உடன் முடிந்துவிட்டது. இப்போது இருப்பது யூனிவர்சல் கிரெடிட். "பதினாறு மணி நேரம் வேலை செய்யவேண்டும்", "ரெண்டு பேருக்கும் சேர்த்து இருபத்துநாலு மணி நேரம் இருக்கவேண்டும்" என்று நம் ஆட்கள் இன்னும் சொல்வது பழைய வொர்க்கிங் டாக்ஸ் கிரெடிட் விதி. யூனிவர்சல் கிரெடிட் வாங்க அப்படி மணிக்கணக்கு எதுவும் இல்லை. இன்னொரு பெரிய மாற்றம், பழைய முறையில் வருமானம் வருடக் கணக்கு, அதிலும் முந்தைய வருடத்தைவிட 2,500 பவுண்ட் வரை கூடினால் அந்த வருடம் ஒன்றும் குறைக்கமாட்டார்கள், ஆனால் அதைத் தாண்டிப் போய் நேரத்துக்குச் சொல்லாமல் விட்டவர்களுக்கு அடுத்த வருடம் "கூடுதலாகக் கொடுத்துவிட்டோம், திருப்பிக் கொடு" என்று கடிதம் வரும். அந்தக் கடிதம் கொடுத்த பயம்தான் இன்றைக்கும் பல வீடுகளில் வேலை பற்றிய பேச்சை முளையிலேயே நிறுத்துகிறது. இப்போது கணக்கு மாதாமாதம். கம்பெனி சம்பளத்தை வரித்துறையான எச்எம்ஆர்சிக்குத் தெரிவித்ததும் அது தானாகவே யூனிவர்சல் கிரெடிட் கணக்குக்குப் போய்விடும், அந்த மாதமே குறையும். முழுவதையும் குறைக்கமாட்டார்கள். கையில் வரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் குறைப்பார்கள், 45 பென்ஸ் உங்களுக்கு. 2021 நவம்பருக்கு முன்னால் 63 பென்ஸ் குறைத்தார்கள், அந்தக் காலத்தில் யாராவது கணக்குப் போட்டு "பிரயோசனம் இல்லை" என்று சொல்லியிருந்தால் அதைத் திரும்பப் போட்டுப் பார்க்கவேண்டும்.

சரி, ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். லண்டனில் வாடகை வீடு, பிள்ளைகளுக்கு ஆறு வயதும் இரண்டு வயதும். கணவர் வாரம் 40 மணி நேரம், குறைந்தபட்சச் சம்பளமான மணிக்கு 12.21 பவுண்டுக்கு வேலை செய்கிறார். இங்கே வரும் தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டுக் கணக்கு. 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 12.71, மற்ற தொகைகளும் கொஞ்சம் மாறியிருக்கும், கணக்குப் போடும் விதம் அதேதான். வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் போக அவர் கைக்கு மாதம் ஏறக்குறைய 1,817 பவுண்ட் வரும். தம்பதிக்கான அடிப்படைத் தொகை 628.10, பிள்ளைகளுக்குத் தலா 292.81, வாடகைக்கு 1,300 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2,513 பவுண்ட் சொச்சம். சம்பளத்தில் முதல் 411 பவுண்டைத் தொடமாட்டார்கள், அதற்குப் பெயர் வொர்க் அலவன்ஸ். மீதி 1,406இல் 55 வீதம், அதாவது 773 பவுண்ட் குறைத்து 1,740 அளவில் யூனிவர்சல் கிரெடிட் வரும். இந்த 411 ஒரு வீட்டுக்கு ஒரு தடவைதான். கணவர் சம்பளமே அதைச் சாப்பிட்டுவிட்டதால் மனைவி சம்பாதிக்கும் முதல் பவுண்டில் இருந்தே 55 பென்ஸ் போகும்.

இப்போது இந்த வீட்டுக்கு இன்னும் கொஞ்சம் பணம் வேண்டும். யார் வேலை செய்வது?

கணவர் ஓவர்டைம் எடுத்தால், ஒரு மணிக்கு 12.21. அவர் சம்பளம் ஏற்கெனவே வரி கட்டும் எல்லையைத் தாண்டியிருப்பதால் 20 வீதம் வரி, 8 வீதம் நேஷனல் இன்சூரன்ஸ். கைக்கு 8.79. அதில் 55 வீதத்தை யூனிவர்சல் கிரெடிட்டில் குறைத்தால் வீட்டுக்குச் சேர்வது 3.96 பவுண்ட். மனைவி அதே சம்பளத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தால் வரி கிடையாது, ஏனென்றால் வருடத்துக்கு 12,570 பவுண்ட் வரை அவருக்கென்று தனி விலக்கு இருக்கிறது, அது இதுவரை யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. 12.21இல் 45 வீதம், 5.49 பவுண்ட் வீட்டுக்கு. ஒரே கடை, ஒரே சம்பளம், ஒரு மணிக்கு ஒன்றரை பவுண்ட் வித்தியாசம். வாரம் பத்து மணி நேரம் என்றால் கணவர் மூலம் மாதம் 172, மனைவி மூலம் 238. இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஓவர்டைமுக்கு உண்மையாகவே ஒன்றரை மடங்கு கொடுக்கும் இடமாக இருந்தால் கணவரின் மணிக்கு 5.93 நிற்கும், அப்போது ஓவர்டைம்தான் கொஞ்சம் முன்னால். சாதாரண ரேட்டிலேயே ஓவர்டைம் கொடுக்கிற இடமென்றால் இந்தப் பேச்சே வேண்டாம். அறுபது மணி நேரம் நின்றே வேலை செய்துவிட்டு வருகிறவரின் முதுகுக்கும் முழங்காலுக்கும் நான் இங்கே விலை போடவில்லை, போட்டால் வித்தியாசம் இன்னும் கூடும்.

அப்புறம் மனைவி போவதென்றால் எத்தனை மணி நேரம் என்ற கேள்வி. பத்து, பதினாறு, இருபத்தைந்து என்று மூன்றையும் பார்ப்போம்.

பத்து மணி நேரத்துக்கு மாதச் சம்பளம் 529, நிற்பது 238. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இந்தப் பத்து மணி நேரம் எப்படி விழுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை தினம் இரண்டு மணி நேரம் ஒரு கடையில் கிளீனிங், போக வர பஸ் 3.50 என்றால் பஸ்ஸுக்கே மாதம் 76 பவுண்ட். அதே பத்து மணி நேரம் இரண்டு நாளில் ஐந்து ஐந்தாக விழுந்தால் பஸ்ஸுக்கு 30 போதும். பஸ் காசை யூனிவர்சல் கிரெடிட்டில் கழித்துக்கொடுக்கமாட்டார்கள். இரண்டு வயதுப் பிள்ளையை நர்சரியில் விட வாரம் 12 மணி நேரம், மணிக்கு 8 பவுண்ட் என்று போட்டால் மாதம் 416. அதில் 85 வீதம் யூனிவர்சல் கிரெடிட் திருப்பித் தரும், உங்கள் பங்கு 62. எல்லாம் போக நிற்பது 100 முதல் 146. பத்து மணி நேர வேலை பிரயோசனப்படுவது நடக்கிற தூரத்தில் இருக்கும்போதுதான், முக்கியமாகப் பள்ளிக்கூடத்தில் டின்னர் லேடி வேலை. சாப்பாட்டு நேரம் மட்டும், பிள்ளையின் லீவுதான் உங்கள் லீவும், பஸ் இல்லை. சின்னப்பிள்ளையை அந்த நேரம் பார்க்க வீட்டில் இரவு ஷிஃப்ட் முடித்த கணவரோ அம்மாவோ இருந்தால் 238உம் கையில். சரியாகப் பத்து மணி நேரத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள், பதினொன்று கேளுங்கள். வாரம் 125 பவுண்ட் சம்பளம் இருந்தால்தான் பிரசவகாலச் சம்பளத்துக்குத் தகுதி வரும், பென்ஷனுக்கான வருடமாகவும் அந்த வேலை கணக்கில் சேரும். பத்து மணி நேரத்துக்கு 122.10 வருகிறது, மூன்று பவுண்டில் தவறிவிடும்.

பதினாறு மணி நேரத்துக்கு மாதச் சம்பளம் 846, நிற்பது 381. இங்கேதான் பழைய பதினாறு வேறு ஒரு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. இங்கிலாந்தில் 2025 செப்டம்பர் முதல், ஒன்பது மாதம் நிறைந்த பிள்ளை பள்ளிக்கூடம் சேரும்வரை வாரம் 30 மணி நேர இலவச நர்சரி உண்டு, ஆண்டில் 38 வாரத்துக்கு. அதற்கு அப்பா அம்மா இருவரும் ஒவ்வொருவரும் வாரச் சராசரியாகப் பதினாறு மணி நேரக் குறைந்தபட்சச் சம்பளம், அதாவது 195.36 பவுண்ட் சம்பாதிக்கவேண்டும். கவனியுங்கள், மணி நேரம் கணக்கில்லை, பணம்தான் கணக்கு. மணிக்கு 14 பவுண்ட் தரும் வேலை என்றால் பதினாலு மணி நேரமே போதும். 38 வாரத்துக்கு 30 மணி நேரம் என்பதைப் பல நர்சரிகள் வருடம் முழுவதும் பரப்பித் தரும், அப்படிக் கேட்டால் வாரம் ஏறக்குறைய 22 மணி நேரம் கிடைக்கும். பதினாறு மணி நேர வேலைக்கும் போக வரும் நேரத்துக்கும் அது போதும், பள்ளி லீவு வந்தாலும் தடுமாறவேண்டியதில்லை. சாப்பாட்டுக்கும் டயப்பருக்கும் நர்சரி கொஞ்சம் கேட்கலாம், அதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

85 வீதம்தான் எப்படியும் திரும்பி வருகிறதே, இலவச நேரம் எதற்கு என்று கேட்கலாம். வாரம் 20 மணி நேரத்துக்கு நர்சரி பில் மாதம் 693 என்றால் திருப்பி வாங்கியபின் உங்கள் கைக்காசு 104தான், உண்மை. ஆனால் அந்த 693ஐ முதலில் நீங்கள் கட்டவேண்டும், ரசீதைக் கணக்கில் ஏற்றவேண்டும், அடுத்த பணம் வரும்வரை காத்திருக்கவேண்டும். மாதக் கடைசியில் வங்கியில் எண்பது பவுண்ட் இருக்கிற வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. முதல் தடவை வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த முதல் பில்லை முன்கூட்டியே தர ஜாப் சென்டரில் வழி இருக்கிறது, 2023 ஜூன் முதல் அது தெளிவான விதியாகவே வந்துவிட்டது. நீங்களாகக் கேட்கவேண்டும்.

மூன்று நாளில் வேலை விழுந்தால் பஸ்ஸுக்கு 45 போகும். பதினாறு மணி நேரச் சம்பளம் வருடத்துக்கு 10,158 வருவதால் பென்ஷனிலும் தானாகச் சேர்ப்பார்கள், மாதம் 16 பவுண்ட் பிடிப்பார்கள், கம்பெனியும் பத்துக்குக் கிட்டப் போடும். அதைக் கண்டு பயந்து விலகிவிடவேண்டாம். பென்ஷனுக்குப் போகும் காசை யூனிவர்சல் கிரெடிட் சம்பளமாக எடுப்பதில்லை, அதனால் உண்மையில் வீட்டில் குறைவது ஏழு பவுண்ட். ஆக 330 பவுண்ட் கிட்ட நிற்கும். கூடவே மேரேஜ் அலவன்ஸ் என்று ஒன்று, மனைவி வரி விலக்கில் 1,260ஐ கணவருக்கு மாற்றிக்கொடுத்தால் வருடம் 252 பவுண்ட் வரி குறையும். யூனிவர்சல் கிரெடிட் அதிலும் பாதிக்கு மேல் எடுத்துவிட்டாலும் 113 நிற்கும். பதினாறு மணி நேரம் வேலை செய்தாலும் இதை வாங்கலாம், மனைவி வேலையே செய்யாத பழைய நாலு வருடத்துக்கும் சேர்த்துக் கேட்கலாம்.

இருபத்தைந்து மணி நேரம். இருபதைத் தொடும் இடத்திலேயே மனைவிக்கும் வரி தொடங்கிவிடும், அதற்கு மேல் அவருடைய ஒவ்வொரு மணியும் கணவரின் ஓவர்டைம் போல 3.96தான். கைக்கு 1,245 வந்து, வீட்டுக்கு நிற்பது 560. நாலு நாள் பஸ் 61, இலவச நேரத்துக்கு மேல் வாரம் பத்து மணி நேர நர்சரியில் உங்கள் பங்கு 52. பென்ஷன் பிடிப்பால் வீட்டில் குறைவது 14 அளவில். 430 கிட்ட வரும், பெரிய பிள்ளைக்கு ஆஃப்டர் ஸ்கூல் கிளப் வேண்டுமென்றால் அதுவும் குறையும். பதினாறு மணி நேரத்தோடு ஒப்பிட்டால் மாதம் 39 மணி நேரம் கூட உழைத்து 100 பவுண்ட் அளவில்தான் கூட வருகிறது. இரண்டு வயதுப் பிள்ளை இருக்கும்போது இது வேண்டாம் என்பது என் எண்ணம். ஆனால் வேலை எந்த வேலை என்று பார்க்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சிங் அசிஸ்டென்ட், ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன், கவுன்சில் ஆபீஸ் என்று மேலே போகிற வேலைக்கு இருபத்தைந்துக்குக் குறைய ஆள் எடுக்கமாட்டார்கள் என்றால், மூன்று பவுண்ட் கணக்கைப் பார்த்து அதைத் தள்ளிவிடக்கூடாது. பிள்ளைகள் வளர்ந்து கிரெடிட் நின்றபின்னும் அந்த வேலை இருக்கும்.

என்னைக் கேட்டால், இங்கிலாந்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளை உள்ள தம்பதிக்கு மனைவி பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் வேலை எடுப்பதுதான் நல்லது. கணவர் ஓவர்டைமைக் குறைத்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவச நர்சரி விதி வேறு, அங்கே இருப்பவர்கள் அந்தப் பகுதியை மட்டும் தனியாகப் பார்க்கவேண்டும்.

தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மாவுக்குக் கணக்கு இன்னும் தெளிவு. 411 பவுண்ட் வொர்க் அலவன்ஸ் முழுக்க அவருக்குத்தான். வாரம் எட்டு மணி நேரம் வேலை செய்தால் 423 வரும், அதில் ஆறேழு பவுண்ட் தவிர எல்லாமே கையில் நிற்கும். பதினாறு மணி நேரத்துக்கு 607 நிற்கும். அதோடு, லண்டனில் குடும்பத்துக்கு மொத்த உதவித்தொகை வருடம் 25,323ஐத் தாண்டக்கூடாது என்ற உச்சவரம்பு ஒன்று இருக்கிறது, வாடகை கூடிய இடத்தில் இரண்டு மூன்று பிள்ளைகளோடு இருப்பவர்களின் பணத்தை அதுதான் வெட்டிக்கொண்டிருக்கும். பிடித்தமெல்லாம் போக மாதச் சம்பளம் 846 வந்தால் அந்த உச்சவரம்பே விலகிவிடும். பதினாறு மணி நேரத்துக்கு வருவது 846.56, பென்ஷனுக்குப் பிடித்தால் அதுவும் எல்லைக்குக் கீழே போய்விடும். பதினைந்து மணி நேரத்துக்குச் சம்மதித்துவிட்டு மாதம் பல நூறு பவுண்டை இழப்பது பெரிய கொடுமை, அந்த ஒரு மணி நேரத்தை முதலாளியிடம் கெஞ்சியாவது வாங்குங்கள்.

ஸ்பௌஸ் விசாவில் வந்து "பொது நிதி இல்லை" (அரசு உதவித்தொகை வாங்கக்கூடாது) என்று போட்டிருக்கும் மனைவிமார் பலர், தங்கள் வேலையால் கணவரின் கிரெடிட்டுக்குப் பிரச்சினை வருமோ என்று பயப்படுகிறார்கள். அந்த நிலையில் கணவர் தனி ஆளாகத்தான் வாங்கமுடியும், தம்பதிக்கான 628 கிடைக்காது, 400.14தான். ஆனால் மனைவியின் சம்பளமும் கணக்கில் சேரும். இது நியாயமாக எனக்குப் படவில்லை, ஆனாலும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. அப்படி இருந்தும் மனைவியின் பவுண்டில் அதே 45 பென்ஸ் நிற்கிறது, இலவச நர்சரிக்குக் கணவர் பேரில் விண்ணப்பிக்கலாம். விசா விஷயத்தை மட்டும் தகுதியுள்ள ஆலோசகரிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கையில் காசு கொடுக்கும் வேலையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதுதான் நம் கடைகளில் முதலில் கிடைக்கும். மணிக்கு எட்டோ ஒன்பதோ, "கிரெடிட்டில் தெரியாது" என்ற உத்தரவாதத்தோடு. 12.21இல் 5.49 நிற்பதைவிட ஒன்பது நல்லதுதானே என்று தோன்றும். பே ஸ்லிப் இல்லாத வேலைக்கு இலவச நர்சரி இல்லை, நர்சரி பில்லில் 85 வீதம் இல்லை, லீவுச் சம்பளம் இல்லை, பிரசவகாலச் சம்பளம் இல்லை, பென்ஷன் இல்லை. அகப்பட்டால் எடுத்ததெல்லாம் கடன், மேலே அபராதம், மோசமானால் வழக்கு. சட்டப்படி தரவேண்டிய சம்பளத்தில் மூன்று பவுண்டை மிச்சம் பிடிப்பவர் முதலாளி. மாட்டிக்கொள்ளும் பயம் மட்டும் உங்களுக்கு. பக்கத்து வீட்டு அன்ரிக்குக் காசு கொடுத்துப் பிள்ளையை விடுவதும் அப்படித்தான், அவர் பிள்ளை பராமரிப்பைக் கண்காணிக்கும் ஆஃப்ஸ்டெட்டில் பதியாதவர் என்றால் ஒரு பென்ஸ்கூடத் திரும்பாது.

சம்பளத் தேதியைக் கவனியுங்கள். நாலு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தரும் இடத்தில் வருடத்தில் ஒரு மாதம் இரண்டு சம்பளம் ஒரே கணக்கு மாதத்துக்குள் விழும். அந்த மாதம் யூனிவர்சல் கிரெடிட் திடீரென்று இறங்கும், அடுத்த மாதம் பழையபடி ஏறும். தெரியாதவர்கள் இதைக் கண்டு வேலையையே விட்டிருக்கிறார்கள். உங்கள் ஆன்லைன் கணக்கில் மாத அறிக்கையைத் திறந்து, சம்பளத்துக்காக எவ்வளவு குறைத்தார்கள் என்ற வரியைப் பே ஸ்லிப்போடு வைத்துப் பாருங்கள். பழைய டாக்ஸ் கிரெடிட் கடன் இருந்தால் அதையும் அங்கேதான் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அது வேலைக்குப் போனதால் வந்த வெட்டு என்று எடுத்துக்கொள்ளவேண்டாம்.

சேமிப்பும் இப்போது கணக்கில் வருகிறது. டாக்ஸ் கிரெடிட் காலத்தில் இல்லாத விஷயம். 6,000 பவுண்ட் வரை பிரச்சினை இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு 250க்கும் மாதம் 4.35 குறையும், 16,000 தாண்டினால் ஒன்றும் இல்லை. சீட்டுக் காசு மொத்தமாக வங்கியில் விழும் மாதத்தையும், ஊரில் உங்கள் பேரில் இருக்கும் காணியையும் மறக்கக்கூடாது.

கடைசியாகத் தேதி. இலவச நர்சரிக்கு விண்ணப்பித்தால் தரும் கோட் (code) எண்ணை டெர்ம் தொடங்கும் முன்னால் எடுத்திருக்கவேண்டும், ஆகஸ்ட் 31, டிசம்பர் 31, மார்ச் 31 என்று மூன்று கடைசி நாள்கள். ஜனவரி பத்தாம் தேதி வேலை தொடங்கி அன்றைக்குத்தான் விண்ணப்பித்தால் ஏப்ரல் வரை இலவச நேரம் இல்லை, அந்த மூன்று மாதமும் 85 வீத வழியில்தான் ஓட்டவேண்டும். அந்த எண் கிடைத்தபின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுதிசெய்யவேண்டும், அதைத் தவறவிட்டால் இடம் போய்விடலாம். வேலைக்குச் சம்மதம் சொல்லும் முன் டர்ன் டூ அஸ் இணையதளத்தில் இருக்கும் இலவசக் கால்குலேட்டரில் இப்போதைய நிலையை ஒருமுறையும், புதுச் சம்பளத்தோடு ஒருமுறையும் போட்டுப் பாருங்கள். கவுன்சில் டாக்ஸ் தள்ளுபடி ஒவ்வொரு கவுன்சிலிலும் ஒவ்வொரு மாதிரி குறையும், நான் மேலே போட்ட எண்களில் அது இல்லை, அதில் உங்கள் கவுன்சிலைத் தேர்ந்தெடுத்தால் அதையும் சேர்த்துக் காட்டும்.